பெங்களூரில் பாப்பாவுக்கு வைட்டமின் ஏ: ஒரு டோஸுக்கு இத்தனை அலைச்சல்

மகளுக்குத் தடுப்பூசி எல்லாம் தனியார் கிளினிக்கில்தான். அவர்கள் கொடுத்த அட்டையில் வைட்டமின் ஏ-வுக்கு ஒரு வரிகூட இல்லை. 9 மாதத்தில் தட்டம்மை ஊசியோடு தொடங்க வேண்டியது. ஒன்றரை வயதில் அங்கன்வாடி டீச்சர் கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. கிளினிக்கில் விசாரித்தால், "அது கவர்ன்மென்ட்ல குடுப்பாங்கம்மா." இதை முன்னாடியே சொல்வதற்கு என்ன?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன அன்று ஊசி நாள் இல்லையாம்; வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். வியாழக்கிழமை போனால், "தாய் கார்டு எல்லி?" (அரசு கொடுக்கும் தாய்-சேய் அட்டை எங்கே என்று கன்னடத்தில் கேள்வி.) கிளினிக் அட்டையை நீட்டினேன். கவுன்டரில் இருந்தவர் கையில்கூட வாங்கவில்லை. பாப்பா தோளில் அழ, வரிசை என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

காப்பாற்றியவர் அங்கிருந்த ஆஷா (அரசு சுகாதாரத் திட்டப் பணியாளர்) அக்கா, திருவண்ணாமலைக்காரர். "நீ உக்காரும்மா, நான் பேசறேன்" என்று உள்ளே போய்க் கன்னடத்தில் பேசி, பிறப்புச் சான்றிதழ், ஆதார் ஜெராக்ஸை வைத்தே கார்டு போட வைத்தார். ஜெராக்ஸை முதலிலேயே எடுத்துப் போங்கள்.

மருந்து கொடுக்க ஒரு நிமிடம். பழுப்பு பாட்டிலில் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி இருந்தது. நர்ஸ் ஸ்பூனில் 2 மி.லி. கோடு வரை ஊற்றி, கன்னத்தை லேசாக அழுத்திப் புகட்டினார். 2 மி.லி. என்றால் 2 லட்சம் யூனிட். ஒரு வயதுக்குள் அதில் பாதிதான். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 5 வயது வரை.

"மெடிக்கல்ல கேப்சூல் வாங்கி உடைச்சு ஊத்துங்க" என்று வரிசையில் ஒருவர் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். இது கொழுப்பில் கரையும் வைட்டமின். மிஞ்சினால் சிறுநீரில் போகாது, ஈரலில் சேர்ந்து கெடுதல் செய்யும். அதனால்தான் ஒவ்வொரு டோஸின் தேதியையும் கார்டில் எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் முகாமில் வருபவர்கள் தெரியாமல் மறுபடியும் கொடுத்துவிடலாம்.

"கேரட் போதாதா?" என்று மாமியார் கேட்டார். கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை எல்லாம் வேண்டும்தான்; கீரையில் கொஞ்சம் நெய் விட்டால் சத்து நன்றாக ஒட்டும். ஆனால் இந்த வயதில் தின்பதைவிடத் துப்புவதுதான் அதிகம். குறைபாடு முற்றினால் மாலைக்கண்ணோடு நிற்காது, கருவிழியே கெட்டுவிடும். தட்டம்மை வந்தால் இன்னும் ஆபத்து.

போன வாரம் கிளினிக் அட்டையிலும் பேனாவால் ஒரு வரி போடவைத்து, டோஸ் தேதியை எழுதி வாங்கிவிட்டேன்.