நான்கு ரேம்களும் நல்லவைதான்

மறைந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் 1950களில் தொடங்கி 40 ஆண்டுகள் விடாமல் எழுதிய நாட்குறிப்புகளை நூலாக்கும் வேலையை 2023 நவம்பரில் செய்துகொண்டிருந்தேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வந்துவிட வேண்டும். பக்கங்கள் மஞ்சளாகி, ஓரங்கள் தொட்டாலே உதிரும் நிலையில் இருந்தன. அதனால் ஒவ்வொன்றையும் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தேன். இந்த அளவில் ஒரு ஏ4 பக்கம் நினைவகத்தில் 104 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். கறை நீக்க, மங்கிய மையைத் துலக்க என்று படம் திருத்தும் மென்பொருளில் அதன்மேல் நாலைந்து அடுக்குகள் போட்டால் அரை ஜிபியைத் தாண்டிவிடும். என் கணினியில் இருந்த நினைவகமோ, அதாவது ரேமோ, 16 ஜிபி. பத்துப் பக்கங்களைத் திறந்தாலே தூரிகை நகர மறுத்தது.

2020இல் வாங்கிய கணினி அது. ரைசன் 5 3600 பிராசஸர், நான்கு ரேம் ஸ்லாட் உள்ள மதர்போர்டு. இரண்டு ஸ்லாட்டில் 8 ஜிபி ரேம்கள், மற்ற இரண்டும் காலி. கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 16 ஜிபி ரேம் இரண்டு வாங்கினேன். பழையதும் டிடிஆர்4 3200, புதியதும் டிடிஆர்4 3200. எண் ஒத்துப்போகிறது, இனி கவலையில்லை என்று நினைத்தேன். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது எனக்குத் தெரிய ஒன்பது நாள்கள் ஆயின.

பொருத்திய அன்று முதல் தடவை திரையே வரவில்லை. மதர்போர்டில் ரேமுக்கான சிறு விளக்கு எரிந்தபடி இருந்தது. ஒரு ரேம் ஒரு முனையில் மட்டும் இறங்கி, மறுமுனையில் மயிரிழை மேலே நின்றிருக்கிறது. பலமாக அழுத்தி, 'டக்' என்ற சத்தம் கேட்ட பிறகு மறுபடி போட்டேன். ஏறத்தாழ ஒரு நிமிடம் கறுப்புத் திரை; பிறகு வந்தது. ரேம் மாறினால் மதர்போர்டு அதனோடு பழகிக்கொள்ள முதல் தடவை அவ்வளவு நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது. 48 ஜிபி என்று காட்டியது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ரேமின் வேகத்தை உயர்த்தும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு முன்போலவே இயங்கும்படி இருந்தது; அதைத் தொடவில்லை.

மறுநாள் மாலை கணினி சாய்ந்து, விண்டோஸின் நீலநிறப் பிழைத்திரை வந்தது. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றது. அடுத்த நாள் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. அதற்கடுத்து 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா'. கடிதம் தட்டச்சு செய்யும்போதும் பாட்டுக் கேட்கும்போதும் எதுவும் ஆகாது. முப்பது பக்கங்களைத் திறந்து வைத்து வேலை சூடுபிடிக்கும் நேரத்தில்தான் சாயும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்ததால் நானும் வேறு வேறு இடத்தில் தேடினேன். கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். பவர் சப்ளை தாங்கவில்லையோ என்று ஒருநாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். இன்று கேட்டால், காரணம் ஒன்றாக இருந்து அறிகுறி மட்டும் மாறிக்கொண்டே இருப்பதுதான் ரேம் கோளாறின் அடையாளம் என்பேன். குலைந்த பிட், அதாவது தரவின் மிகச் சிறிய துணுக்கு, நினைவகத்தில் எந்த இடத்தில் விழுகிறதோ, அங்கே இருக்கும் நிரல்தான் பழியை ஏற்கிறது.

விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையையும் ஓட்டிப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை என்று சான்றிதழ் தந்தது. புதிய ரேம்கள் இரண்டையும் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடையில் இருந்த தம்பி பொன்னிறத் தொடுமுனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்து, கடைக் கணினியில் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டினார். "எங்கள் மெஷினில் நன்றாகத்தானே ஓடுகிறது அக்கா. விண்டோஸை ஒருமுறை புதிதாகப் போட்டுப் பாருங்கள்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆலோசனையைக் கேட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. நினைவகம் சந்தேகத்தில் இருக்கும்போது விண்டோஸை மறுபடி நிறுவினால், நிறுவப்படும் ஒவ்வொரு கோப்பும் அதே நினைவகத்தின் வழியாகத்தான் வட்டுக்குப் போகிறது. பாதி நிறுவுதலில் கணினி உறைந்து நின்றது. இரண்டாம் முயற்சியில் முடிந்தது. இரண்டு நாள்கள் போயின, நீலத்திரை போகவில்லை.

வழி காட்டியது கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருள்தான். அன்றன்றைய வேலையைச் சுருக்கி ஒரே கோப்பாக்கி வெளி ஹார்ட் டிஸ்கில் வைப்பது என் வழக்கம். அப்படிச் செய்த ஒரு கோப்பைச் சோதித்தபோது சிஆர்சி பிழை (உள்ளடக்கம் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகவில்லை) என்று ஒரு பக்கத்தின் பெயரைக் காட்டியது. திரும்பச் சோதித்தேன், இந்த முறை வேறொரு பக்கம். மூன்றாம் முறை பிழையே இல்லை. வட்டில் கோளாறு என்றால் அது ஒரே இடத்தில்தானே நிற்க வேண்டும்? ஒரே கோப்பைப் படிக்கும்தோறும் பழுது இடம் மாறினால் பழுது கோப்பில் இல்லை. படிக்கும் இடத்தில் இருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணினி சாய்ந்தால் எனக்குத் தெரியும், மறுபடி தொடங்கலாம். சாயாமல் ஓடிய அத்தனை மணி நேரமும் அது எதையெல்லாம் மாற்றி எழுதிச் சேமித்திருக்கும்?

காலையில் வேலையை நிறுத்தினேன். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை யுஎஸ்பியில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமல் நேரடியாக அதிலிருந்து கணினியைத் தொடங்கினேன். நான்கு ரேம்களும் பொருத்தியிருந்தபோது இரண்டாம் சுற்றிலேயே சிவப்பு வரிகள் வந்தன. விண்டோஸ் சோதனை கண்டுகொள்ளாமல் விட்டதை இது பிடித்துவிட்டது. அப்பாடா, ஒரு ரேம் கெட்டது, எதுவென்று கண்டால் மாற்றிவிடலாம் என்று நிம்மதி வந்தது.

ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். ரேம்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று பென்சிலால் ஒட்டுச்சீட்டு. ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்தி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை இறக்கி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு கழற்றினேன். பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் ஒரே ஒரு ரேம், மற்றவை வெளியே. அ தேறியது. ஆ தேறியது. இ, ஈ, அவையும் தேறின. பிறகு பழைய ஜோடி மட்டும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில்: தேறியது. அதே ஸ்லாட்டுகளில் புதிய ஜோடி: தேறியது. ஸ்லாட் கெட்டிருக்குமோ என்று அதே ஜோடியை மற்ற இரண்டிலும் போட்டேன். அங்கும் பிழை இல்லை. நான்கையும் சேர்த்துப் போட்டேன். சிவப்பு.

இதற்கு இரண்டு பகல், இரண்டு இரவு ஆயின. இந்த நேரத்தை நான் வீணென்று சொல்ல மாட்டேன். முந்தைய வாரம் முழுதும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்றை மாற்றிவிட்டு, எது உதவியது எது கெடுத்தது என்று தெரியாமல் திரிந்தேன். இப்போது நோட்டில் ஒரே ஒரு வரி மட்டும் தோற்றிருந்தது. அந்த வரி குற்றம் சாட்டியது எந்த ரேமையும் அல்ல, கூட்டத்தை.

பிராசஸரின் விவரக்குறிப்பை அப்போதுதான் தேடிப் படித்தேன். ரைசன் 5 3600க்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் உறுதியளிக்கும் வேகம் ஒன்றல்ல, மூன்று. இரண்டு ரேம் என்றால் 3200. ஒற்றை ரேங்க் ரேம் நான்கு என்றால் 2933. இரட்டை ரேங்க் ரேம் நான்கு என்றால் 2667. ரேங்க் என்பது ஒரு ரேமில் உள்ள சிப்புகள் எத்தனை குழுவாக வேலை செய்கின்றன என்பது. சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் என் 8 ஜிபி ரேம்கள் ஒற்றை, 16 ஜிபி ரேம்கள் இரட்டை. பிராசஸருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிதான் இத்தனை குழுக்களுக்கும் சமிக்ஞை அனுப்ப வேண்டும். சுமை கூடக்கூட அந்தச் சமிக்ஞையின் தெளிவு குறைகிறது. வேகத்தைக் குறைத்தால் தெளிவு திரும்புகிறது.

பெட்டியில் அச்சிட்டிருந்த 3200உம் நான் நினைத்த பொருளில் இல்லை. என் ரேம்கள் தாமாக ஓடுவது அதைவிடக் குறைந்த வேகத்தில், 1.2 வோல்ட்டில். எக்ஸ்எம்பி போட்டால்தான் 1.35 வோல்ட்டில் 3200க்கு ஏறும். அந்தந்த ஜோடி தனியாக அந்த வேகத்தில் ஓடும் என்பதுதான் ரேம் பெட்டியின் வாக்கு. வேறொரு ஜோடியும் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எந்தப் பெட்டியும் பேசவில்லை.

எக்ஸ்எம்பியை நிறுத்தி ஓர் இரவு சோதித்தேன். பிழை இல்லை. பிறகு பயாஸில் வேகத்தைக் கையால் 2666 என்று (ஏஎம்டி 2667 என்று குறிப்பது இதைத்தான்) வைத்து இன்னோர் இரவு முழுக்க, நான்கு சுற்றும். விடியற்காலை எழுந்து பார்த்தபோது பச்சை எழுத்தில் தேர்ச்சி என்றிருந்தது. கண் கலங்கிவிட்டது. பழைய ஜோடியைக் கழற்றிவிட்டு 32 ஜிபியை 3200இல் ஓட்டுவது இன்னொரு வழி. விளையாட்டுக்குக் கணினி வைத்திருப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். எனக்கு வேண்டியது இடம். 2666இல் தூரிகை மெதுவாகிவிட்டதாக ஒருநாளும் தோன்றவில்லை.

விண்டோஸை மூன்றாம் முறையாக நிறுவினேன், இப்போது நம்பிக்கையோடு. அதன் பிறகுதான் கோப்புகளைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். இந்த வரிசை முக்கியம். பிழை செய்யும் நினைவகத்தில் சரிபார்த்தால் அந்த முடிவையும் நம்ப முடியாது. ரேம் மாற்றுவதற்கு முன் ஸ்கேன் செய்தவற்றுக்கு வெளி டிஸ்கில் மூலப்படி இருந்தது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஹாஷ் என்ற அடையாள எண்ணைக் கணக்கிடும், விண்டோஸ் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையால் இரண்டு பக்கமும் எண்ணெடுத்து ஒப்பிட்டேன். 11 கோப்புகள் வேறுபட்டன, மூலப்படியிலிருந்து மீட்டேன். ரேம் மாற்றிய பின் ஸ்கேன் செய்த 214 பக்கங்களுக்கு ஒப்பிட வேறு படி கிடையாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அவற்றைச் சுருக்கிய டிஃப் படக் கோப்புகளாகச் சேமித்திருந்தது உதவியது. சுருக்கிய கோப்பில் ஒரு பிட் புரண்டாலும் படத்தில் அது விழுந்த பட்டையின் மீதிப் பகுதி முழுக்கக் குலைந்து கண்ணில் படும். சுருக்குவதற்கு முன்பே புரண்டிருந்தால் எங்கோ ஒரு புள்ளியின் நிறம் மாறியிருக்கும். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஆறு பக்கங்களில் எழுத்தின் நடுவே வண்ணக் கோடுகள் ஓடின. அதில் ஒன்று ஆசிரியர் தம் மகள் பிறந்த நாளன்று எழுதியது.

நாட்குறிப்புகள் அதற்குள் கும்பகோணத்துக்குத் திரும்பிப் போயிருந்தன. அந்த மகளுக்கே தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். "நீங்களே வாருங்கள் அம்மா, தபாலில் அனுப்ப எனக்கு மனம் வராது" என்றார். ஸ்கேனரையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் போனேன். அவர் வீட்டு ஊஞ்சல் பலகையின்மேல் துணி விரித்து ஆறு பக்கங்களையும் எடுத்தேன். ஒவ்வொரு கோப்பும் சேமிக்கப்பட்டதும் இரண்டு இடங்களில் படியெடுத்து, ஹாஷ் எண்ணின் கடைசி எட்டு எழுத்துகளை ரேம் சோதனை எழுதிய அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அவர் கடைசிப் பக்கத்தை உறையில் திரும்ப வைக்கும் முன் ஒருமுறை படித்துக்கொண்டிருந்தார். அதுவரை ஸ்கேனரை மூடாமல் காத்திருந்தேன்.