அப்பத்தா சொல்லச் சொல்ல

ஜூன் 9

அப்பத்தா கதையைப் புத்தகமாக்க இன்று ஆரம்பித்துவிட்டோம். போனில் நாற்பது நிமிடம் பதிவாகியிருக்கிறது, பாதி மழைச் சத்தம், மீதி கீழ்வீட்டு ஜெனரேட்டர், இரண்டுக்கும் நடுவில் அப்பத்தா. பிறந்த ஊரில் தொடங்குவாள் என்று நினைத்தேன். ரங்கூன் சூரத்தி பஜாரில் தாத்தா கடையில் மிளகாய் மூட்டை எந்தப் பக்கம் அடுக்கியிருக்கும் என்று தொடங்கினாள். அதன் இப்போதைய பேரான தெயிஞ்சி சந்தை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஜூன் 12

கரண்ட் இல்லை. போனில் சார்ஜும் இல்லை.

ஜூன் 15

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த நாள். "கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் முன்ன" என்றாள், அவ்வளவுதான் அவள் கணக்கு. 1941 டிசம்பர் 23 என்று நான் எழுதிக்கொண்டேன். எட்டு வயசு. பட்டம் பார்க்கிற மாதிரி தெருவெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதாம், ஒருத்தரும் ஓடவில்லையாம். அதற்கப்புறம் தண்டவாளத்தோரமாகவே புரோம் வரைக்கும் நடை. அங்கே ஐராவதியைத் தாண்டினால் அரக்கான் மலை, தாவுங்குப், படகு, அப்படியே இந்தியா. இவர்கள் தாண்டவில்லை.

ஏன் என்று கேட்டேன். "தம்பி போயிட்டான்ல."

எந்தத் தம்பி? எங்கள் வீட்டில் யாரும் இதுவரை அப்படி ஒருவரைப் பற்றிப் பேசியதில்லை.

ஜூன் 16

பெரியப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாது. "வயசாயிடுச்சு, எதையாவது சொல்லும், எல்லாத்தையும் எழுதாதே" என்றார்.

ஜூன் 24

எழுதி எடுப்பது இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாது. பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு முழு மாலை போய்விடுகிறது. ஒரே வாக்கியத்தில் ராமநாதபுரமும் பர்மாவும் கலந்து வருகிறது. பர்மீஸ் வார்த்தைகளை அப்படியே விடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். அவள் பேச்சைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

ஜூலை 3

1964. இதை மட்டும் கோபமாகச் சொல்கிறாள், மற்றதெல்லாம் கதை மாதிரிதான் வருகிறது. மார்ச் மாதம் கடை அரசாங்கத்திடம் போயிற்று. வந்தவர்கள் எடைக்கல் வரைக்கும் எண்ணி எழுதிக்கொண்டார்களாம். மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். தாத்தா அரிசிப் பானைக்குள் வைத்திருந்தது எல்லாமே நூறு. சின்னத்தாத்தா குடும்பம் கப்பலேறி மெட்ராஸ் போய்விட்டது. துறைமுகத்தில் நகையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, சின்ன அப்பத்தா வெறும் மஞ்சள் கயிற்றோடு கப்பலில் நின்றதை இங்கிருந்து பார்த்தாளாம். "நாங்க ஏன் போகலன்னு கேளு" என்றாள். கேட்டேன். பதில் சொல்லாமல் வெற்றிலை மடித்தாள்.

ஜூலை 11

தம்பி மறுபடியும் வந்தான். நான் கேட்கவில்லை, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். புரோமில் ஆற்றங்கரையில் எங்கே பார்த்தாலும் பேதி. தம்பி தண்ணீர் கேட்டான். இவள் சொம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். திரும்பி வந்தால் அம்மா முந்தானையால் அவன் முகத்தை மூடியிருந்தாள். அதைச் சொல்லிவிட்டு, "ஆத்துத் தண்ணிய அவனுக்கு முந்தின நாளும் நான்தான் குடுத்தேன்" என்றாள்.

அந்தச் சொம்பு இன்னும் வீட்டில் இருக்கிறது. வாயில் ஒரு நெளிவு, அடியில் யாரோ ஆணியால் கீறிய ஒரு எழுத்து, ஈயமெல்லாம் போய்விட்டது. அதில் விளக்கு எண்ணெய்தான் ஊற்றி வைப்பாள். தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததேயில்லை.

ஜூலை 12

தூக்கம் வரவில்லை.

ஜூலை 20

ஆடி. காளி கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள், படியேற முடியாமல் வாசலிலேயே நின்று கும்பிட்டாள். திரும்பும் வழியில் கொள்ளுப்பேரன் புத்தகத்தில் என்ன இருக்கும் என்று கேட்டான், பர்மீஸில்தான் கேட்டான், அவனுக்குத் தமிழ் படிக்க வராது. பர்மீஸிலும் போடலாமா என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "என் வாய்ல வந்தது தமிழ்தானே" என்றாள். லீவில் கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு அவனை அனுப்பச் சொல்லி அண்ணியிடம் கெஞ்சியிருக்கிறேன்.

ஜூலை 28

மெட்ராஸிலிருந்து மாதிரிப் பக்கங்கள் வந்தன. வியாசர்பாடியில் இருக்கும் சின்னத்தாத்தா பேரன்தான் அச்சகம் பார்த்துக் கொடுத்தான். எழுத்துரு மாறிக் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. அப்பத்தா என்ற சொல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொம்பு உடைந்துவிட்டது. முப்பத்தெட்டு பக்கத்தையும் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

ஆகஸ்ட் 6

"தம்பியா? எனக்கு ஏது தம்பி?"

ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது, தெளிவாக இருக்கிறது. முந்தின பதிவைப் போட்டுக் காட்டலாமா என்று போனைக் கையில் எடுத்து, அப்புறம் வைத்துவிட்டேன். தொண்ணூற்றிரண்டு வயசில் அவளுடைய குரலை அவளுக்கே எதிராக நிறுத்துவதா? பெரியப்பா அந்தப் பக்கத்தையே எடுத்துவிடச் சொல்கிறார். இல்லாத ஒருவனை அச்சில் போட்டால் அப்பத்தாவுக்குத்தான் கெட்ட பேர் என்கிறார். எனக்கு அவன் இருந்தான் என்றுதான் படுகிறது, எட்டு வயசுப் பிள்ளை ஆற்றுத் தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்லி எண்பது வருஷத்துக்கு மேல் அதைச் சுமந்துகொண்டிருக்காது. ஆனால் அவள் இல்லை என்று சொன்னதும் அவள் சொன்னதுதானே. இரண்டையும் போட்டால் படிக்கிறவர்கள் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், ஒன்றை மட்டும் போட்டால் எதை என்று நான் முடிவு செய்ய வேண்டும், அதைச் செய்ய நான் யார்? பேர் கூடத் தெரியாது. சொம்பின் அடியில் உள்ள எழுத்தைத் துலக்கிப் பார்த்தேன். மு. அது பூட்டன் பேராகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 9

இரண்டையும் போடப் போகிறேன். அவள் சொன்ன வரிசையில், சொன்ன தேதியோடு. பெரியப்பா பேசுவதில்லை.

ஆகஸ்ட் 14

காலையில் தலை வாரிவிடும்போது பேரைச் சொன்னாள். போன் அடுப்படியில் சார்ஜில் இருந்தது.

"எழுதிராத தாயி" என்றாள்.

ஆகஸ்ட் 15

மு இல்லை.

ஆகஸ்ட் 17

காய்ச்சல். இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். திருத்திய பக்கங்கள் வந்திருக்கின்றன, சொம்பு சரியாக இருக்கிறது. இருபத்தாறாம் பக்கத்தில் தம்பி என்றே விட்டிருக்கிறேன். படித்துக் காட்டச் சொன்னாள், கரண்ட் வந்ததும்