ஒரே பெட்டிக்குள் நாலு கேள்வி

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்லைன் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. கட்டார், டுபாய், கனடா என்று வெளிக்கிடுகிறவர்கள், குற்றப் பதிவு இல்லை என்று காட்டுகிற பொலிஸ் அறிக்கைக்கு விண்ணப்பிக்க என்னிடம்தான் வருவார்கள். படிவம் நிரப்பும்போது சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அக்கா, என்னைப் பிடிச்சு வச்சிருந்திட்டு விட்டவங்கள். வழக்கு ஒண்டும் போடேல்லை. அதையும் சொல்லவேணுமோ?"

குற்றவாளி என்று நிரூபிக்கப்படும்வரை எவரும் சுத்தவாளிதான் என்று எங்கள் அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை சொல்லுகிறது. ஆனால் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் மூன்று மூன்று மாதமாக நீட்டி ஒருவரை 18 மாதம்வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம். வழக்கு நடந்து விடுதலையானவரிடம் தீர்ப்பாவது இருக்கும். வழக்கே போடாமல் விடப்பட்டவரிடம் என்ன இருக்கும்? குற்றம் சாட்டக்கூட ஒன்றும் கிடைக்காத ஆளுக்குத்தான் தன்னைச் சுத்தவாளி என்று காட்டக் கடதாசி இல்லை. 2009இல் போர் முடிந்த பிறகு வழக்கு விசாரணையில்லாமல் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட 11,000க்கு மேற்பட்டவர்களில் எங்கள் வன்னிப் பெடியளும் பெட்டையளும் எத்தனை பேர்!

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, நல்ல லொறிச் சாரதி. தடுப்பில் இருந்து வந்து கனகாலம். கட்டாரில் வேலை சரிவந்து, பொலிஸ் அறிக்கைக்குப் போட்டார். விண்ணப்பம் அவர் இருந்த முகவரிகளுக்குரிய நிலையங்களுக்கு விசாரணைக்குப் போனது. வீட்டுக்கு வந்து கேட்டார்கள், திரும்பக் கூப்பிட்டும் கேட்டார்கள். அறிக்கை கடைசியில் வந்தது. அதற்குள் கம்பனி வேறு ஆளை எடுத்துவிட்டது. இப்படிப் போகிற வேலைக்கு எவரும் காரணம் எழுதித் தருவதில்லை, அதனால் முறையிடவும் வழியில்லை.

பிறகு தமக்கையைப் பார்க்கக் கனடா விசாவுக்கு வந்தார். அந்தப் படிவத்தில் ஒரே கேள்வி: எந்த நாட்டிலாவது குற்றம் செய்ததுண்டா, கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா? நாலுக்கும் சேர்த்து ஆம் அல்லது இல்லை. "இல்லையெண்டு போடுங்கோ அக்கா, நான் ஒண்டும் செய்யேல்லைத்தானே" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனாலும் நான் விடவில்லை. பொய்த்தகவல் என்று பிடிபட்டால் கனடாவுக்குள் 5 வருடத் தடை. "ஆம்" என்று போட்டு, எப்போது பிடித்தார்கள், எப்போது விட்டார்கள், வழக்கு எதுவும் இல்லை என்று விளக்கக் கடிதம் எழுதினோம். செய்யாத குற்றத்துக்கு விளக்கம் எழுதுகிற அந்த மனுசன்ரை முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கேல்லை.

அமெரிக்காவில் ஆண்டுக்கு 75,000 டொலருக்குக் குறைந்த சம்பள வேலைகளுக்கு, தண்டனையில் முடியாத பழைய கைதை 7 வருடத்துக்குப் பிறகு பின்னணி அறிக்கைக் கம்பனிகள் காட்டக்கூடாது. எங்கடை ஆக்களுக்கும் அப்படி ஒரு எல்லை சட்டத்தில் எழுதப்படவேண்டும். பழைய பதிவை வைத்து விசாரிக்கிறவர், அது எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்து எழுதக் கடமைப்பட்டிருக்க வேண்டும்.

அதுவரைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இவைதான். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்தால் பி அறிக்கை (பொலிஸ் விசாரணை பற்றி நீதிமன்றத்துக்குக் கொடுக்கிற அறிக்கை) இலக்கத்தைத் தேடி, விடுவித்த கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுங்கள். புனர்வாழ்வில் இருந்தவர்கள் விடுவிப்புக் கடிதத்தைக் கவனமாக வைத்திருங்கள். தடுப்பில் ஐ.சி.ஆர்.சி. (சர்வதேச செஞ்சிலுவைக் குழு) வந்து பதிந்திருந்தால் அவர்களிடம் அத்தாட்சிக் கடிதம் கேட்கலாம். விசாரணை என்ற பேரில் அலைக்கழித்தால் வவுனியாவில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். எங்கே போனாலும் பிரதியை மட்டும் கொடுங்கள், மூலப்பிரதியை ஒருவரிடமும் விட்டிட்டு வரவேண்டாம்.