இல்லாத மூன்று மா

நம் பள்ளி ஆசிரியர் மேப் சார் போய்விட்டார் என்ற செய்தி, 2025 ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து ஐந்தாறு நாள் கழித்து நம் பழைய மாணவர் குழுவில் வந்தது. கூடவே யாரோ எடுத்து அனுப்பிய ஒரு வீடியோ. பாடை ஆற்றங்கரையோரம் போகிறது. நான் பாடையைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். கைபேசியை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்திருந்ததால் ஆறு தெரியவில்லை. "கோரையாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா?" என்று குழுவில் கேட்டேன். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. ஒரே ஒருவர் மட்டும், "எந்தத் தண்ணீர்?" என்று கேட்டிருந்தார்.

அவரும் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் எங்களோடு இருந்தவர்தான்.

நம் பள்ளி மலர்க் குழுவினர் என்னிடம் சாரைப் பற்றிக் கட்டுரை கேட்டபோது, "நீதானே அவருக்கு நெருக்கம்" என்றார்கள். நெருக்கமா? அவர் வகுப்பில் எனக்கு விழுந்த பட்டப்பெயரைச் சொன்னால்தான் உங்களில் பாதிப் பேருக்கு என்னை அடையாளம் தெரியும். நான்தான் மதகு.

மேட்டூர் திறந்த செய்தி வந்துவிட்டால் அவர் கேட்கும் கேள்வியை நம் ஆட்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அட்டெண்டன்ஸ் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்: "தண்ணீர் எங்கே வந்திருக்கிறது?" டீக்கடையில் பேப்பர் பார்த்துவிட்டு வந்தவன் முக்கொம்பு என்பான். முந்திரிக்கொட்டை ஒருவன் கல்லணை என்பான். அப்புறம் ஒவ்வொருவனாக எழுந்து, மேட்டூரிலிருந்து தன் வீட்டு வயல் வரைக்கும் தண்ணீர் வரும் வழியைச் சொல்ல வேண்டும். பவானி, ஈரோடு, முக்கொம்பு, கல்லணை. அங்கே காவிரியையும் கொள்ளிடத்தையும் புது ஆற்றையும் விட்டுவிட்டு வெண்ணாற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிந்துவிடும். நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வந்ததும் பாமணியாறா, கோரையாறா என்று அவரவர் ஊர்ப்பக்கம் திரும்ப வேண்டும். பிறகு வாய்க்கால், அதிலிருந்து வயல்களுக்குப் பிரியும் கன்னி வாய்க்கால், மடை, வயல். சுவரில் தொங்கிய தமிழ்நாட்டு மேப்பில் டெல்டாப் பகுதி மட்டும் அவருடைய பிரம்பு பட்டுப் பட்டு வெளுத்துப் போயிருக்கும். சென்னை புத்தம் புதிதாக இருக்கும்.

அது 1978. முந்தைய நவம்பர்ப் புயலில் பறந்துபோன ஓடுகளுக்குப் பதிலாகப் போட்ட புது ஓடு மேற்குக் கொட்டகையில் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. என் முறை வந்தது. என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். மதகில் ஷட்டரை ஏற்றி இறக்குவதும், நீர்மட்டத்தைப் பார்த்து எழுதுவதும் அவர் வேலை. எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. கோரையாறு வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னேன். வீட்டில் அன்றாடம் காதில் விழும் பெயர்கள்தானே! அப்பாவின் மதகு வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம், வாய் நிற்கவில்லை. "அங்கிருந்து எங்கள் மூன்று மா நிலத்துக்கு" என்றேன். மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர்.

"எந்தக் கன்னி வாய்க்கால்?" என்றார் சார்.

எனக்குத் தெரியவில்லை. நிலம் இருந்தால் அல்லவா வாய்க்கால் தெரியும்! பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "சார், அவன் அப்பா மதகு திருப்புகிறவர். அவர்களுக்கு நிலம் ஏது?"

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். பையன்கள் சிரித்ததை நான் அந்த வாரமே மறந்துவிட்டேன். கரும்பலகையில் ஒவ்வொருவன் வழியையும் நீலச் சாக்பீஸால் இழுத்துக்கொண்டே வந்தவர், என் கோட்டை மதகோடு நிறுத்திக் குறுக்கே வெள்ளையில் ஒரு கோடு போட்டார். "இவனுக்குத் தண்ணீர் இங்கேயே நின்றுவிட்டது" என்றார். பத்தாம் வகுப்பு முடியும் வரைக்கும் நான் மதகு.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அம்மா கிளறிக் கிளறிக் கேட்டு விஷயத்தை வாங்கி அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் ஒன்றும் பேசவில்லை. நான்கைந்து நாள் கழித்து, தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேரும் இரவில், என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து மதகுக்கு அழைத்துப்போனார். அரிக்கேன் விளக்கு ஹேண்டில் பாரில் ஆடிக்கொண்டே வந்தது.

புதுத் தண்ணீரை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் நுரைதான் வரும். அதோடு வைக்கோல், கருவேலஞ் சருகு, வளையை விட்டுக் கிளம்பிய நண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பந்தாக மிதந்துவரும் எறும்புக் கூட்டம். வெடித்துக் கிடக்கும் வாய்க்கால் தரை அதை உறிஞ்சும்போது உலையில் அரிசி கொதிப்பதுபோல் சத்தம் கேட்கும். அப்பா என் இரண்டு கைகளையும் எடுத்து ஷட்டர் கைப்பிடியில் வைத்தார். அதன்மேல் தன் கைகளை வைத்துத் திருப்பினார். கிரீஸ் நாற்றமும் பீடி நாற்றமும் சேர்ந்து அடித்தன. ஷட்டர் முனகிக்கொண்டு ஒரு சாண் ஏறியது. தண்ணீர் அடியில் பிய்த்துக்கொண்டு ஓடியது. வெகுநேரம் கழித்து அப்பா கேட்டார்:

"மூன்று மா என்று ஏன் சொன்னாய்? பொய் சொல்வதென்று ஆன பிறகு ஒரு வேலி, இருபது மா என்று சொல்லியிருக்கலாமே."

மறு ஆண்டு சார் மொத்த வகுப்பையும் அந்த மதகுக்கே நடத்திக் கூட்டிவந்தார். அப்பா காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொல்லி உடுத்திக்கொண்டு நின்றார். கன அடிக் கணக்கு, முறை வைத்துத் தண்ணீர் விடுவது, நள்ளிரவில் யாரோ வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போவது, கடைமடைக்காரர்கள் கூட்டமாக வந்து சண்டைக்கு நிற்பது எல்லாவற்றையும் சொன்னார். சார் எங்களோடு வரிசையில் கரைமண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டார். போகும்போது, படித்துவிட்டுத் தருகிறேன் என்று அப்பாவின் நீர்மட்ட நோட்டு ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனார். "வாத்தியார் என் எதிரே கீழே உட்கார்ந்து எழுதினார்" என்பதை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சார் மன்னிப்புக் கேட்ட விதம் அது என்பது அவர் கட்சி. எனக்குச் சந்தேகம்தான். சாருக்குத் தண்ணீர்ப் பைத்தியம், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்றே இன்றைக்கும் தோன்றுகிறது.

ஆனால் பத்தாம் வகுப்பு முடித்துத் திரிந்துகொண்டிருந்த என்னைத் தேடிச் சைக்கிளில் ஐ.டி.ஐ. விண்ணப்பத்தோடு வந்தவரும் அவர்தான். "குழாய் வேலை படி, உனக்கு வரும்" என்றார். வந்தது. 1989இல் சிங்கப்பூருக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்ததும் அந்த வேலைதான். குழாய், வால்வு, பம்பு என்று முப்பது வருடம் ஓடிவிட்டது. அப்பா இறந்தபோது பால் தெளிப்புக்குத்தான் போய்ச் சேர முடிந்தது.

2019 பிப்ரவரியில் சாரைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்ல வேண்டும் என்று விமானத்திலேயே வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். கஜா புயல் அடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தலை முறிந்த தென்னைகளைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தால், அவருக்கு என்னைத் தெரியவில்லை. மதகு என்றேன். "எந்த மதகு?" என்றார். முழுக்கதையையும் சொன்னேன்.

"நான் சிரித்தேனா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "சிரித்திருப்பேன்."

பிறகு திடீரென்று, "லஸ்கர் மகனா நீ!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் நோட்டை நாற்பது வருடம் பரணில் வைத்திருந்தாராம். புயலில் ஓடு போய், மழையில் நனைந்து கூழாகிவிட்டதாம். "மன்னித்துவிடப்பா, திருப்பித் தந்திருக்க வேண்டும்" என்று மூன்று முறை சொன்னார். ஏழு வருடமாக மேட்டூரை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கவே இல்லை என்று கவலைப்பட்டார். இப்போது வகுப்பெடுத்தால் எந்தத் தேதியை வைத்துக் கேள்வி கேட்பது என்றார். என் வாக்கியங்களுக்கு இடமே அமையவில்லை. கொண்டுபோயிருந்த கோடாலித் தைலத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டில் ஒன்பது மதகுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனை அங்கே அழைத்துப் போகிறேன். ஆறு வயது. காற்றாடி விட வந்தவனை உட்கார வைத்து வழி சொல்லிக்கொடுத்தேன். ராகம் போட்டுச் சொல்கிறான்: முக்கொம்பு, கல்லணை, வெண்ணாறு, மூணாறு தலைப்பு, கோரையாறு. 'தென்பெரம்பூர்' மட்டும் வாயில் நுழைய மறுக்கிறது. கடைசியில், "கொள்ளுத் தாத்தா மதகு" என்பான்.

"அப்புறம், தாத்தா?"

"அப்புறம் நம்முடைய மூன்று மா" என்கிறேன்.

எந்தக் கன்னி வாய்க்கால் என்று அவன் இன்னும் கேட்கவில்லை.