ட்ரினிட்டி கிரேடு 8: சோமனூரில் வீடியோ எடுத்த பாடு

லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் பியானோ கிரேடு 8, அதாவது கடைசி கிரேடு, முடித்துவிட்டேன், மெரிட். நூற்றுக்கு பாஸுக்கு 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87. வாசிப்பு, பயிற்சி எல்லாம் டீச்சர் சொன்னபடி உட்கார்ந்தால் வந்துவிடும். என்னைப் படுத்தியெடுத்தது வீடியோதான்.

டிஜிட்டல் தேர்வென்றால் வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்; வெட்டி ஒட்ட முடியாது, ஒரே டேக். எங்கள் ஊர் சோமனூரில் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி, ராத்திரி ஷிப்டும் உண்டு. சன்னலைச் சாத்தினாலும் சத்தம் தரை வழியாக வரும். நானே இசையமைத்த மெதுவான பாடலில் நிசப்தம் வேண்டிய இடமெல்லாம் டக்டக்டக்தான்.

சரி, கோவையில் ஒரு ஸ்டுடியோவில் நல்ல பியானோ மணிக்கணக்கில் கிடைக்கும் என்றார்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். மூடியைத் திறந்து நடு ஏ கட்டையை அழுத்தினால் சத்தம் நெளிகிறது. அந்த ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பி, மூன்றும் சேரவில்லை. மேனேஜரிடம் சொன்னேன். "ட்யூன் பண்ற ஆள் சென்னையிலிருந்து வரோணுங்க. நீங்க வாசிங்க, கேக்கறவங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். பணமும் திரும்பவில்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வாடகைக்கு எடுக்கிறவர்கள் காசு கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டையையும் தொட்டுப் பாருங்கள், பெடலையும்தான்.

வழி காட்டியது அம்மா. "மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு கரண்டை நிறுத்துவாங்கல்ல கண்ணு, அன்னைக்கு ஒரு தறியும் ஓடாது" என்றார். என்னுடையது டிஜிட்டல் பியானோ, ஆனால் அதிகக் கரண்ட் இழுக்காது, இன்வெர்ட்டரே போதும். முன்னாடி நாள் மெயினை அணைத்துச் சோதித்தபோது ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். எங்கள் பழைய இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ், அதன் கரண்ட் சீராக இருக்காது. மாமா தன் வீட்டு சைன்வேவ் இன்வெர்ட்டரை பேட்டரியோடு டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார், இரைச்சல் போயிற்று.

மறுநாள் காலை கரண்ட் போனதும் தெருவே அடங்கியது. ஃபேனை அணைத்து, போனை ஸ்டாண்டில் மாட்டி வாசித்தேன். மதியத்துக்குள் நல்ல டேக் கிடைத்துவிட்டது.

சொந்தப் பாடல் வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கிரேடு 6 முதல் அதை ஸ்டாஃப் நொட்டேஷனில்தான், அதாவது ஐந்து கோட்டில் ஸ்வரங்களை எழுதித்தான் கொடுக்க வேண்டும். மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் இலவசம், அதில் எழுதிப் பிடிஎஃப் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடலைக் கேட்டுத்தான் ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை கேட்டிருக்கிறார்கள். அடுத்த கரண்ட் கட் தேதியை இப்போதே பேப்பரில் தேடிக்கொண்டிருக்கிறேன்.