கொள்ளுத்தாத்தா ஜெயிலுக்குப் போகவில்லை

"என்ன சார் இது, பிரிசனர்ஸ்னு போட்டிருக்கு? உங்க தாத்தா ஜெயில்ல இருந்தவரா?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கொள்ளுத்தாத்தாவின் பட்டாள மெடலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய பட்டாள விவரம் கேட்டு நான் எழுதிக் கொடுத்த மனுவில் இருந்த நான்கு ஆங்கில எழுத்துகளைத்தான் படித்தார்: பி, என், ஆர், எஸ். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். மூன்றே கால் மணி நேரம் பஸ்ஸில் போனது இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று ஆகிவிட்டது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே அன்று தெரியாது.

முதலில் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் தாத்தா முதல் உலகப் போரில் "சீமைக்குப் போய்ச் சண்டை போட்டு, விக்டோரியா மெடல் வாங்கினவர்." மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. கல்யாணப் பேச்சுவார்த்தைகளில்கூட இது வந்துபோகும். மெடலின் முன்பக்கம் இறக்கை விரித்து நிற்கும் பெண்தான் விக்டோரியா மகாராணி என்று பாட்டி சொல்லுவாள். ராணிக்கு இறக்கை எப்போது முளைத்தது என்று யாரும் கேட்டதில்லை. அது வீரத்துக்கான உச்ச விருதான விக்டோரியா கிராஸ் இல்லை, விக்டரி மெடல் என்று தெரிய எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. பிரிட்டிஷ் பேரரசு முழுக்க ஏறக்குறைய 57 லட்சம் பேருக்குக் கொடுத்தது. அதை வீட்டில் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆனது.

ஆனால் அந்த ஏமாற்றத்துக்குள்ளேயே ஒரு நல்ல சேதி இருந்தது. விக்டோரியா கிராஸ் வாங்கியவரைப் பற்றி ஊர் உலகமே எழுதிவைத்திருக்கும். சாதாரணச் சிப்பாயைப் பற்றி எழுதியிருப்பது பெரும்பாலும் மெடலின் விளிம்பில் மட்டும்தான். முதல் உலகப் போர் மெடல்களில் வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். நாணயத்தை நிறுத்திப் பார்ப்பதுபோல் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டு மெடலில் பாதி எழுத்து இல்லை. காரணம் புளி. ஒவ்வொரு போகிக்கும் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளத்தோடு மெடலையும் போட்டு, புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். எண்பது வருஷத் தேய்ப்பு. இறக்கைக்காரிக்கு மூக்கே இல்லை. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எடுத்து ஒரு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பாலிஷும் வேண்டாம், புளியும் வேண்டாம். அழுக்கு எழுத்தை அழிக்காது, நம் சுத்தம்தான் அழிக்கும்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க நான் பட்ட பாட்டில் தேறிய வழி ஒன்றுதான். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போல் பிடித்து, மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி ஒவ்வொரு துண்டாக மொபைலில் படமெடுப்பது. நேர் வெளிச்சத்தில் மொழுக்கென்று இருந்த இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அப்படித்தான் நான்கு இலக்க எண்ணும், பெயரில் பாதியும், கடைசியில் அந்த நான்கு எழுத்தும் கிடைத்தன. எண்ணில் ஓர் இலக்கம் மூன்றா எட்டா என்று சந்தேகம். மூன்று என்று முடிவுகட்டினேன். அந்தத் தப்புக்கு விலை ஒரு வருஷம்.

பெயரை வைத்து எதுவும் ஆகாது என்பதையும் அந்த வருஷத்தில்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் கல்லெறிந்தால் கொள்ளுத்தாத்தாவின் பெயர்க்காரர் மேல்தான் விழும். அதை ஆங்கிலத்தில் எழுதிய வெள்ளைக்கார குமாஸ்தாக்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து மெடல் அட்டைகள் இருக்கின்றன, இணையத்தில் தேடலாம், சில பவுண்டு கட்டினால் அட்டையின் படத்தை இறக்கிக்கொள்ளலாம். நான் பெயரைப் போட்டுத் தேடி, காசு கட்டி, யாரோ மூன்று பேருடைய அட்டைகளை வாங்கி வைத்திருக்கிறேன். அட்டையில் அப்பா பெயரோ ஊரோ இருக்காது. பெயர், பதவி, எண், பிரிவு, எந்தெந்த மெடல், அவ்வளவுதான். எண்ணும் பிரிவும் சேர்ந்து பொருந்தினால் மட்டுமே அவர் உங்கள் ஆள். எண் மட்டும் பொருந்தினால் போதாது, ஏனென்றால் அதே எண் ஒவ்வொரு பிரிவிலும் ஒருவருக்கு இருக்கலாம்.

இதற்கு நடுவில் என் சித்தப்பா மகன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அதே பெயரைக் கண்டுபிடித்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் கண்ணீர் அஞ்சலி போட்டுவிட்டான். இருபது பேர் கைகூப்பிவிட்டார்கள். அந்தப் பட்டியல் போரில் இறந்தவர்களுக்கானது. எங்கள் கொள்ளுத்தாத்தா 1956இல் வீட்டுத் திண்ணையில் இறந்தவர். உயிரோடு திரும்பிவந்தவர்களைத் தேடுவதில் இதுதான் பெரிய சங்கடம். செத்திருந்தால் ஏதாவது ஒரு கல்லில் பெயர் இருக்கும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: இங்கிருந்து 277 பேர் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. வேலூர் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவேன். எண்ணிக்கைதான் இருக்கிறது, ஒரு பெயரும் இல்லை.

பஞ்சாப்காரர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளில் ஊர் வாரியாக மூன்று லட்சத்து இருபதாயிரம் சிப்பாய்களின் விவரம் இருந்து, 2021இலிருந்து அதை இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். மதராஸ் மாகாணத்துக்கு அப்படி ஒன்று என் கண்ணில் படவே இல்லை.

சரி, ஜெயில் விஷயத்துக்கு வருகிறேன். மனு போட்ட இடத்திலிருந்து வேறொரு ஊருக்குக் கைகாட்டினார்கள். அங்கே போனால், "இது எங்க ரெஜிமெண்டே இல்லையே சார், யார் உங்களை இங்கே அனுப்பினது?" என்றார்கள். மெடலை "விட்டுட்டுப் போங்க, பெரிய அதிகாரி வந்ததும் காட்டுறோம்" என்றும் சொன்னார்கள். நல்லவேளை, கொடுக்கவில்லை. அசல் மெடலை எங்கேயும் கொண்டுபோகாதீர்கள். போட்டோ போதும். அதையும் மீறிக் கொண்டுபோனால் கையைவிட்டு இறக்காதீர்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வரும் ஓய்வுபெற்ற சுபேதார். மொபைலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு வாய் டீ குடித்தார். "தம்பி, இது பிரிசனரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயனியர்ஸ். மம்பட்டி ஒரு தோள்ல, துப்பாக்கி ஒரு தோள்ல. ரோடு போடுவான், பாலம் கட்டுவான், சண்டைன்னா சண்டையும் போடுவான்." பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "எந்த பயனியர்? பட்டாளத்துக்கு ஒரு நம்பர் இருக்கணுமே?"

நம்பர் இருக்க வேண்டிய இடத்தைத்தான் புளி தின்றுவிட்டிருந்தது.

அன்று ராத்திரிதான் சாமி அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டம் நினைவுக்கு வந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட் துணி, அதன்மேல் வெண்கல நட்சத்திரம் ஒன்று, குறுக்கே இரண்டு வாள், நடுவில் 1914-15. கொள்ளுத்தாத்தாவுடையதுதான். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. சட்டத்தை உடைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா தடுத்தாள். உடைக்கவில்லை அம்மா, பின்பக்கத்து ஆணியைத்தான் பிடுங்குகிறேன் என்று சமாதானம் சொல்லி, குறடு வைத்துப் பிடுங்கினேன். வெல்வெட்டிலிருந்து பிய்த்துத் திருப்பினால், நேற்றுப் பொறித்ததுபோல் அவ்வளவும் இருக்கிறது. கண்ணாடிக்குள் இருந்ததால் புளி படவே இல்லை. எண்ணில் அந்த இலக்கம் எட்டு. கடைசி வரியில் 61, கே.ஜி.ஓ., அதே நான்கு எழுத்து. நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு அத்தைக்கு போன் போட்டேன். யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

61ஆம் கிங் ஜார்ஜஸ் ஓன் பயனியர்ஸ். பழைய மதராஸ் பட்டாளம், 1758இல் தொடங்கிய பரம்பரை. அலுவலகங்களில் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. 1922இல் பெயர் மாறி முதல் மதராஸ் பயனியர்ஸ் ஆனது. 1933இல் பயனியர் பட்டாளங்களையே கலைத்துவிட்டு, ஆட்களை ராணுவப் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் சேர்த்துவிட்டார்கள். நான் ஏறி இறங்கியதெல்லாம் காலாட்படைக்காரர்களின் வாசல். தேடியிருக்க வேண்டியது சாப்பர்ஸ் பக்கம். உங்கள் மெடலில் இருக்கும் படைப்பிரிவு இன்று இல்லையென்றால் மனு போடுவதற்கு முன் அது எதோடு கலந்தது என்று பாருங்கள். இது முன்பே தெரிந்திருந்தால் எனக்கு இரண்டு பஸ் பயணமும் ஒரு அவமானமும் மிச்சமாகியிருக்கும்.

நட்சத்திரம் இன்னொன்றையும் சொன்னது. 1915 டிசம்பர் 31க்குள் போர்க்களத்தில் கால்வைத்தவர்களுக்குத்தான் அது. அதை வாங்கியவருக்கு விக்டரி மெடலும், வெள்ளியில் பிரிட்டிஷ் வார் மெடலும் சேர்ந்தே வரும். ஆக எங்கள் வீட்டில் மூன்று இருந்திருக்க வேண்டும். வெள்ளி எங்கே என்று விசாரித்தேன். 1980களில் பெரியப்பா வீட்டில் கொலுசாகிவிட்டது. முப்பது கிராமுக்குக் கொஞ்சம் மேல் நல்ல வெள்ளி. பெரியம்மாவிடம் கேட்டால், "அது கனமா இருந்துச்சுப்பா, ரெண்டு கொலுசுக்குச் சரியா வந்துச்சு" என்றார். இதில் நான் என்ன சொல்ல.

எண்ணும் பிரிவும் கிடைத்த பிறகு மற்றதெல்லாம் மடமடவென்று நடந்தது. 61ஆம் பயனியர்ஸ் போனது சீமைக்கே இல்லை, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு. 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து கப்பல்கள் கிளம்பின. நவம்பர் 2 ராத்திரி, அன்று ஜெர்மானியர் வசம் இருந்த டாங்கா துறைமுகத்தின் பக்கம் இறங்கினார்கள். இன்று அது தான்சானியாவில் இருக்கிறது. மறுநாள் காலை முதல் தாக்குதலில் போனவர்கள் 13ஆம் ராஜபுத்திரர் பட்டாளமும் 61ஆம் பயனியர்ஸும்தான். அடிவாங்கித் திரும்பினார்கள். நான்காம் தேதி பெரிய தாக்குதல். வந்தவர்கள் ஏறக்குறைய எண்ணாயிரம் பேர், எதிரில் ஆயிரம் பேர்தான், இருந்தும் தோல்வி. ஐந்தாம் தேதி துப்பாக்கிகளைக்கூடக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள்.

படைப்பிரிவுகள் அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்புகளில் பெரும்பாலும் சிப்பாய்களைப் பெயர் சொல்லி எழுத மாட்டார்கள், அதிகாரிகளுக்குத்தான் பெயர். சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும். அதனால் கொள்ளுத்தாத்தாவைப் பெயரோடு எங்கேயும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நான்காம் தேதி சண்டை நடந்த காட்டில் மரங்களில் தேன்கூடுகள் தொங்கின. துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள் இரண்டு பக்கத்துக்காரர்களையும் விரட்டி விரட்டிக் கொட்டின. ஜெர்மானியர்கள் வேண்டுமென்றே ஏவிவிட்டார்கள் என்றுகூட வதந்தி கிளம்பியது. தேனீச் சண்டை என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு.

எங்கள் வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், கிழவருக்குக் கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்பதற்கு அடையாளமாக வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வார்கள். "தேனீயெல்லாம் பட்டாளத்துல சேர்ந்து சண்டை போட்டுச்சு" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு எண்பத்திரண்டு. அவரைக் கண்ணால் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான். கொள்ளுத்தாத்தாவின் மகளான பெரிய பாட்டி பிறந்தது 1913இல், அடுத்த பிள்ளையான என் தாத்தா பிறந்தது 1920இல். நடுவில் ஏழு வருஷம் ஏன் குழந்தை இல்லை என்று ஊரில் பேசாத பேச்சில்லை. அதற்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லி, டாங்கா கதையைத் தேனீ வரைக்கும் சொல்லி முடித்தேன்.

அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "கொல்லையில மாமரத்துல தேன்கூடு கட்டியிருந்துச்சுடா. பசங்க தீப்பந்தம் எடுத்துட்டுப் போனாங்க. தாத்தா ஓடி வந்து புடுங்கிப் போட்டுட்டாரு. அப்புறம் எங்களையெல்லாம் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திட்டு, சாயங்காலம் வரைக்கும் திறக்கவே இல்லை. பயந்தாங்கொள்ளிக் கிழவன்னு சிரிச்சோம்" என்றாள். பிறகு நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கி, முந்தானையால் துடைக்கப் போனாள். நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன்.