“திடீர்னு குறுக்கே வந்துட்டாங்க”

நடந்து போகிறவர் மீது வண்டி மோதிவிட்டால் ஓட்டியவர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் இதுதான். கூடி நிற்பவர்களில் யாராவது ஒருவர் “போனைப் பார்த்துக்கிட்டே நடந்தா இப்படித்தான்” என்று அங்கேயே தீர்ப்பும் எழுதிவிடுவார். அடிபட்டவர் பேசும் நிலையில் இருக்கமாட்டார், அதனால் மறுத்துச் சொல்ல ஆளில்லை. எனக்கு இந்தத் ‘திடீர்’ மேல் நம்பிக்கை கிடையாது. இப்படிப்பட்ட விபத்துகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், அந்தத் திடீரைப் பல நேரம் ஓட்டியவரேதான் உண்டாக்கியிருக்கிறார் என்பது தெரியும். உலகம் முழுக்கச் சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். அத்தனை பேரும் திடீரென்று குதித்திருக்க முடியாது.

முதலில் வேகம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கும். ஆளைப் பார்த்து, மூளை அதைப் புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 மீட்டர் தூரத்தில் ஒருவர் சாலையில் கால் வைக்கிறார். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் அந்த நொடியில் 8 மீட்டர் சொச்சம் போய், காய்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால் இன்னும் 5 மீட்டரில், அவருக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். 50-ல் வந்த காரோ, கால் பிரேக்கைத் தொடும் நேரத்தில் அவர் மேல் இருக்கிறது. வேகம் கொஞ்சமும் குறையவில்லை, முழு 50-ல் இடிக்கிறது. அதே ஆள், அதே தூரம், அதே ஒரு நொடி. முதல் ஓட்டுநர் “ஐயோ” என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார், இரண்டாமவர் “திடீர்னு வந்துட்டாங்க” என்று போலீஸிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுத்தது சந்திப்பில் திரும்புவது. திரும்புகிறவர் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்கிறதா என்று ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், கிடைத்ததும் அழுத்துவார். அவர் நுழையப்போகும் சாலையை ஒருவர் கடந்துகொண்டிருப்பது கண்ணிலேயே படாது. போதாக்குறைக்கு முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு தூண் இருக்கிறதே, அது செய்யும் வேலை கொடுமையானது. வண்டி வளையும் வேகமும் ஆள் நடக்கும் வேகமும் ஒத்துப்போனால், அவர் முழு நேரமும் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருப்பார். தலையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அசைக்காவிட்டால் கடைசி நொடியில்தான் ‘தோன்றுவார்’. தூண் மறைத்துவிட்டது என்பது சட்டத்தின் முன் நல்ல சமாதானம் ஆகாது, ஏனென்றால் அந்தத் தூண் அங்கே இருப்பது வண்டி வாங்கிய நாளிலிருந்தே ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

பல தடச் சாலைகளில் இன்னொன்று நடக்கும். ஜீப்ரா கிராசிங்கில் ஒரு வண்டி மரியாதையாக நிற்கிறது, ஓட்டுநர் கையைக் காட்டிப் போகச் சொல்கிறார், பாதசாரியும் நன்றியோடு நடக்க ஆரம்பிக்கிறார், பக்கத்துத் தடத்தில் வருபவர் ‘இவன் ஏன் நடுரோட்டில் நிற்கிறான்’ என்று நினைத்தபடி தாண்டிப்போகிறார். நின்ற வண்டி பெரியதாக இருந்தால் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. கிராசிங் முன்னால் நிற்கும் வண்டியைத் தாண்டுவதென்றால், உடனே நிறுத்தக்கூடிய அளவு குறைந்த வேகத்தில்தான் தாண்ட வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே இருக்கிறது. இது தெரிந்து ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

ரிவர்ஸ் எடுக்கும்போது குழந்தை பின்னால் நிற்பது, இரவில் எதிர் வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசவைப்பது, மழை, குடி, போன், எல்லாம் தெரிந்த கதைதான். தெரியாதது வண்டியின் மூக்கு. பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயரமும் சரிவான முகப்பும் கொண்ட கார்களைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. தாழ்ந்த கார் காலில் இடித்து ஆளை மேலே தூக்கிப் போடும், உயரமான வண்டி நெஞ்சிலும் தலையிலும் நேராக இடிக்கும்.

சரி, நடந்து போகிறவர்கள் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. நிறுத்திய வண்டிகளுக்கு இடையிலிருந்து எட்டிப் பார்க்காமல் வெளியே வருவது, சிவப்பு விளக்கில் ஓடுவது, காதில் இயர்போனோடு கடப்பது எல்லாம் தப்புதான். ஆனால் ‘மெதுவாகக் கடந்தார்’ என்பதையும் தப்புக் கணக்கில் எழுதுகிறார்கள் பாருங்கள், அதை மட்டும் ஏற்க முடியாது. நடப்பவர்களுக்கான சிக்னல் நேரத்தைப் பல இடங்களில் நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். 12 மீட்டர் சாலைக்கு 10 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் வயதானவருக்கு 15 நொடி வேண்டும். அவர் நடுச்சாலையில் நிற்பதற்குக் காரணம் அவர் அல்ல, அந்தச் சிக்னலை அமைத்தவர்.

இனி சட்டம். ஓட்டுகிறவருக்குச் சாலையில் மற்றவர்கள்மேல் அக்கறை காட்டும் கடமை உண்டு, அதை மீறினாரா, அந்த மீறலால்தான் காயம் ஏற்பட்டதா என்பதுதான் பொதுவான கேள்வி. பாதசாரி மேலும் தப்பு இருந்தால் பல நாடுகளில் பொறுப்பைச் சதவீதமாகப் பிரித்து, அவர் பங்குக்கு இழப்பீட்டைக் குறைப்பார்கள். இந்தப் பிரிப்பு எவ்வளவு ஆடும் என்பதற்கு ஸ்காட்லாந்து வழக்கு ஒன்றைச் சொல்லலாம். 2004 ஜனவரியில், மாலை இருட்டும் நேரம், பள்ளி மினிபஸ்ஸிலிருந்து இறங்கிய 13 வயதுச் சிறுமி பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து சாலையைக் கடக்க ஓடினாள். பஸ் அபாய விளக்குகளை எரியவிட்டு நின்றிருந்தது. எதிரே மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் வேகத்தைக் குறைக்கவே இல்லை. முதல் நீதிபதி 90 சதவீதத் தப்பு சிறுமி மேல் என்றார். மேல்முறையீட்டில் அது 70 ஆனது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-ல், 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில், பாதிக்குப் பாதி என்று முடித்தது. விளக்குகளோடு நிற்கும் பள்ளி பஸ்ஸைப் பார்த்த பிறகு குழந்தை ஓடிவருவது எப்படித் ‘திடீர்’ ஆகும்? என்னைக் கேட்டால் அந்த 50-கூட அதிகம்.

எல்லா ஊரிலும் இந்த அளவுக்குக்கூடப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா மாநிலங்களில் அடிபட்டவர் மேல் ஒரு சதவீதத் தப்பு நிரூபணமானாலும் பொதுவாக இழப்பீடு பூஜ்யம். வாஷிங்டன் டி.சி.யிலும் இதே விதிதான் இருந்தது. 2016-ல் பாதசாரிகளுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தளர்த்தினார்கள், அவர்கள் பங்கு பாதியைத் தாண்டாவிட்டால் போதும். மறுகோடியில் பிரான்ஸ். 1985 ஜூலைச் சட்டப்படி அங்கே பாதசாரியின் உடல் காயத்துக்கு இழப்பீடு மறுக்க வேண்டுமானால், அவர் செய்தது மன்னிக்கவே முடியாத தப்பாகவும் விபத்துக்கு ஒரே காரணமாகவும் இருக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழும் 70-க்கு மேலும் உள்ளவர்களுக்கு அதுவும் பொருந்தாது, வேண்டுமென்றே அடிபட்டிருந்தால்தான் மறுக்கலாம். நெதர்லாந்தில் 14 வயதுக்குக் கீழ் என்றால் அநேகமாக முழு இழப்பீடு, பெரியவர் என்றால் குறைந்தது பாதி. ஆபத்தான பொருளைச் சாலைக்குக் கொண்டுவந்தவர்தான் அதன் சுமையை ஏற்க வேண்டும் என்கிற இந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வாகனக் காப்பீடு கட்டாயம் என்று ஆன பிறகு ஓட்டுநர் சொத்தை விற்றுக் கொடுக்கப்போவதில்லையே.

மனிதக் கண்ணையே விட்டுவிடுவோம். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில், உபர் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனைக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. கருவிகள் மோதலுக்கு 5.6 நொடி முன்பே அவரைக் கண்டுவிட்டன. ஆனால் கிராசிங் இல்லாத இடத்தில் ஆள் கடப்பார் என்பதே அந்த மென்பொருளின் கணக்கில் இல்லை. வாகனம், சைக்கிள், வேறேதோ என்று மாற்றி மாற்றி முடிவுசெய்துகொண்டிருந்தது. உள்ளே மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் மேல் குற்ற வழக்கு இல்லை, உட்கார்ந்திருந்தவர்தான் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்.

பொறுப்பு ஓட்டுநரோடு நிற்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வேலை நேரத்தில் ஓட்டியிருந்தால் முதலாளி, எரியாத தெருவிளக்குக்கும் நடக்க முடியாத நடைபாதைக்கும் சாலையைப் பராமரிக்கும் அமைப்பு, பழுதான பிரேக்குக்கு உற்பத்தியாளரோ மெக்கானிக்கோ, இப்படிப் பலரையும் வழக்கில் சேர்க்க இடமிருக்கலாம். குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. முதலதில் ஓட்டுநர் விடுதலை ஆனாலும் இரண்டாவதில் தோற்கலாம், ஏனென்றால் இழப்பீட்டுக்குத் தேவைப்படும் நிரூபணத்தின் அளவு குறைவு.

அடிபட்டவர் பக்கம் நிற்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான், சாட்சியத்தைச் சேர்ப்பது. வண்டி நின்ற இடம், டயர் தடம், சிக்னல், மறைத்த மரம், எரியாத விளக்கு, எல்லாவற்றையும் போனில் எடுத்து வையுங்கள். அக்கம்பக்கத்து சிசிடிவி பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்துவிடும், அதை முதலில் கேளுங்கள். பார்த்தவர்களின் எண்ணை வாங்குங்கள். வலி இல்லையென்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். மயக்கத்திலோ பதற்றத்திலோ “என் தப்புதான்” என்று சொல்லிவிடாமல் இருப்பது நல்லது. அப்புறம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் சீக்கிரமே வந்து ஒரு தொகையும் ஒரு தாளும் நீட்டுவார். காயம் எங்கே போய் முடியும் என்று தெரியும்வரை, வழக்குப் போடும் காலக்கெடு என்ன என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளும்வரை, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.